ஆயாவின் ரிட்டர்ன் டிக்கெட் யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். வரலாறுதான், ஆனால் இன்றைக்கும் தேவைப்படுகிற வரலாறு.

‘ஆயா’ என்று நாம் சொல்கிறோமே, பால்வாடி ஆயா, சத்துணவு ஆயா, பள்ளிக்கூட ஆயா... அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாட்டியை ‘ஆயா’ என்று அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது ஆய், ஆயி என்ற நம் சொற்களோடு சேர்ந்தது. ஆனால் சம்பளத்துக்குக் குழந்தை பார்க்கும் ‘ஆயா’ போர்ச்சுக்கீசியச் சொல். ஜன்னல், சாவி, அலமாரி வந்த அதே கப்பலில் வந்தது. அவர்கள் மொழியில் பிரபு வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் பெண்ணுக்கு ‘ஆயா’ என்று பெயர். ஆங்கிலேயர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சொல் ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்தது. பிறகு ஆயாக்கள் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனார்கள்.

ஆம், வெளிநாட்டுக்குக் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போவது வளைகுடா காலத்தில் தொடங்கியது இல்லை. கம்பெனி காலத்திலேயே தொடங்கிவிட்டது.

சென்னையிலோ கல்கத்தாவிலோ பம்பாயிலோ வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பம் ஊர் திரும்பும்போது ஆயாவையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறும். சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்படும் முன், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக மாதக்கணக்கில் ஆகும். சென்னையில் அன்று துறைமுகமே கிடையாது. மசூலா படகில் ஏறி, அலையில் நனைந்து, கடலுக்குள் நிற்கும் கப்பலைப் பிடிக்க வேண்டும். கப்பலில் அம்மாவுக்குத் தலைசுற்றல், குழந்தைகளுக்கு வாந்தி. எல்லோரையும் பார்த்துக்கொள்வது ஆயாதான். ஆயாவுக்குத் தலை சுற்றினால் யார் பார்த்தார்கள் என்பது எந்தக் குறிப்பிலும் இல்லை.

அப்போது விசா இல்லை. பாஸ்போர்ட்டும் கட்டாயம் இல்லை. நம் நாட்டில் பாஸ்போர்ட் கட்டாயமானது முதல் உலகப் போர் சமயத்தில்தான். ஆனால் காகிதம் வேறு வடிவில் இருந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கம்பெனியிடம் பிணைத்தொகை கட்ட வேண்டும். எதற்கு? அந்த ஆள் இங்கிலாந்தில் அநாதையாக நின்று கம்பெனிக்குச் செலவு வைக்கக் கூடாது, திரும்பி வந்துவிட வேண்டும் என்பதற்கு. பணம் கட்டுவது எஜமானர். கேட்பது கம்பெனி. நடுவில் நிற்கும் ஆயாவின் கையில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

லண்டன் போய்ச் சேர்ந்ததும் பல குடும்பங்களுக்கு ஆயா தேவையில்லை. அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நல்ல குடும்பம் என்றால் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக் கொடுக்கும். மற்றவர்கள் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். 1908-ல் ஓர் ஆயாவை லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், கையில் ஒரு பவுண்டு கொடுத்து விட்டுவிட்டுப் போனார்கள். மொழி தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்று கூட இல்லை.

இப்படி நின்றவர்களுக்காக லண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்றே ஒன்று இருந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது. 1900-ல் ‘லண்டன் சிட்டி மிஷன்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஹாக்னி பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ம் எண் வீட்டில் 1921 வரை இயங்கி, பிறகு அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியது. இந்திய ஆயாக்கள் மட்டுமல்ல, ‘ஆமா’ என்று அழைக்கப்பட்ட சீனத் தாதிகளும் அங்கே தங்கினார்கள்.

இல்லம் எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம். ஆயாவைக் கூட்டி வந்த குடும்பம், அவள் திரும்பிப் போகும் டிக்கெட்டை இல்லத்துப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடும். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு வழியில் குழந்தை பார்க்க ஆள் தேவைப்படும். அந்தக் குடும்பம் பணம் கொடுத்து அந்த டிக்கெட்டை எடுத்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஆயாவின் தங்கும் செலவும் சாப்பாடும் ஓடும். அவளும் அந்தக் குடும்பத்தோடு வேலை பார்த்துக்கொண்டே ஊர் திரும்புவாள். இன்று நாம் ஏஜென்சி என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்தப் போக்குவரத்தைத் தொழிலாகவே செய்தவர்களும் இருந்தார்கள். திருமதி அந்தோணி பெரேரா என்ற ஆயா 54 முறை கப்பல் பயணம் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். ரோசினா விஸ்ராம் என்ற ஆய்வாளர் 1986-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் இவர்கள் கதை பலருக்கும் தெரிய வந்தது. 2022-ல் அந்த ஹாக்னி வீட்டுக்கு வரலாற்றுச் சிறப்பிடங்களைக் குறிக்கும் நீலப் பலகை வைத்தார்கள்.

சரி, இனி அடுத்த கட்டம்.

இதே காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் இன்னொரு வழக்கம் வளர்ந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் மொழி கற்க வேறு நாட்டுக்குப் போய் ஒரு வீட்டில் தங்குவார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம். பதிலுக்கு அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு ‘ஓ-பேர்’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல். ‘சரிசமமாக’ என்று பொருள். அதாவது அவள் வேலைக்காரி அல்ல, வீட்டில் ஒருத்தி.

1969 நவம்பரில் ஐரோப்பிய கவுன்சில் இதற்காக ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் ஒப்பந்தமே போட்டது. அதில் என்ன இருக்கிறது பாருங்கள்: வயது 17-லிருந்து 30-க்குள். முதலில் ஒரு வருடம், அதிகபட்சம் இரண்டு வருடம். வேலை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்த விடுமுறையில் வர வேண்டும். மொழி வகுப்புக்குப் போக நேரம் கொடுக்க வேண்டும். கைச்செலவுக்குப் பணம் தர வேண்டும். முடிந்தால் தனி அறை. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, பள்ளிக்குக் கூட்டிப் போவது. ஆயாவுக்கும் ஓ-பேர் பெண்ணுக்கும் வேலை ஒன்றுதான். ஒருத்திக்கு விருந்தாளிக் காகிதம். இன்னொருத்திக்கு வேலைக்காரக் காகிதம். எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்பதைப் பொறுத்துக் காகிதம் மாறியது.

விருந்தாளிக் காகிதத்திலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸ் பெண்கள் ஓ-பேர் என்ற பெயரில் ஐரோப்பா போய், மலிவான முழுநேர வேலைக்காரர்களாக ஆக்கப்படுகிறார்கள் என்று புகார் எழுந்தது. 1998-ல் அந்த நாடு தன் பெண்களை ஓ-பேராக ஐரோப்பாவுக்கு அனுப்பத் தடை போட்டது. 2010-க்குப் பிறகு படிப்படியாக விலக்கிக்கொண்டது. ஓ-பேர் பெயரில் மலிவு உழைப்புதான் நடக்கிறது என்று நார்வே 2024-ல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. பிரிட்டனில் ஓ-பேருக்கென்று இருந்த தனி விசா 2008-லேயே போய்விட்டது.

இன்று நம் பெண்ணுக்கு என்ன வழி இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். விதிகள் மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள்.

ஜெர்மனியில் ஓ-பேர் விசா இன்னும் உண்டு. விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ என்ற அடிப்படை நிலை தேறியிருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்கு 70 யூரோ. மருத்துவக் காப்பீடு அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. 280 யூரோ சம்பளமே அல்ல, கைச்செலவுதான். வீட்டுக்குப் பணம் அனுப்பி வட்டி கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் 1986-லிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. ‘ஜே-1’ என்ற விசா. வயது 18 முதல் 26. வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை. நேரடியாகப் போக முடியாது. அரசு அங்கீகரித்த அமைப்பு வழியாக மட்டும்தான்.

பிரிட்டனில் வீட்டு வேலைக்கென்று ஒரு விசா இருக்கிறது. முதலாளியோடு சேர்ந்துதான் போக வேண்டும். அதற்கு முன் ஒரு வருடமாவது அவரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதம் மட்டும். படித்தால் ஆயா காலத்துக் கதை போலவே இல்லையா? 1998-ல், கொடுமை தாங்காமல் வெளியேறும் பெண்கள் வேறு முதலாளியிடம் மாறலாம் என்ற உரிமையை அங்கே கொடுத்தார்கள். 2012-ல் அதைப் பறித்தார்கள். 2016-ல் அந்த ஆறு மாதத்துக்குள் மட்டும் மாறலாம் என்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துப் பெண்கள் அதிகம் போவது சிங்கப்பூர், வளைகுடா. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரியான எனக்கு இது கண் முன் நடப்பது.

சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வயது 23 முதல் 50-க்குள். எட்டு வருடப் பள்ளிப் படிப்பு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. முதலாளி அரசிடம் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணை காட்ட வேண்டும். பிணை! கம்பெனி காலத்து அதே ஏற்பாடு.

வளைகுடாவில் ‘கஃபாலா’ முறை. உங்கள் இருப்பே ஸ்பான்சர் பெயரில். அவர் அனுமதி இல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினால் ‘ஓடிப்போனவள்’ என்று வழக்கு வரும். குவைத் 2015-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று சட்டம் போட்டது. 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை, முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே சட்டம் நுழைவது கஷ்டம்.

நம் அரசு என்ன செய்கிறது? 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். (சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகும் சாலை. இது வேறு!) இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016-லிருந்து அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. நேரடியாக ஆள் எடுக்கும் முதலாளி 2,500 அமெரிக்க டாலர் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

இங்கேதான் வரலாறு கொஞ்சம் திரும்புகிறது. கம்பெனி கேட்ட பிணை கம்பெனியின் செலவைக் காப்பாற்ற. நம் அரசு கேட்கும் 2,500 டாலர், அந்தப் பெண் ஆபத்தில் மாட்டினால் ஊர் திரும்ப வைக்க. இரண்டும் பிணைதான். யாருக்காக என்பதில்தான் வேறுபாடு.

இந்த 30 வயது விதியைப் பலர் திட்டுகிறார்கள். இளம்பெண்கள் பிழைக்கப் போவதைத் தடுக்கிறதே என்கிறார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வழியை அடைத்தால் ஆசை நின்றுவிடாது, திருட்டு வழி திறக்கும். சுற்றுலா விசாவில் ஏற்றி, ஒரு நாட்டில் இறக்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்குக் கைமாற்றும் ஏஜென்ட்கள் இந்த விதியைச் சுற்றித்தான் பிழைக்கிறார்கள். இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் போகக் கூடாது என்று 2013-ல் விதி வைத்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் தேவைப்பட்டதும் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள்.

ஆனாலும் வயது என்ற அந்த ஓர் எண் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உயிர் சாட்சி இருக்கிறது.

ரிசானா நபீக். திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த தமிழ் பேசும் ஏழைப் பெண். பிறப்புச் சான்றிதழ்படி 1988-ல் பிறந்தவள். ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டில் 1982. 2005 மே மாதம் சவுதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்கு வயது 17. போன சில வாரங்களுக்குள், அவள் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது அந்த வீடு. 2007-ல் மரண தண்டனை. அவள் சிறுமி என்று உலகமெங்கும் மன்றாடினார்கள். பாஸ்போர்ட்டில் 23 என்று இருந்தது. 2013 ஜனவரி 9 அன்று தண்டனையை நிறைவேற்றினார்கள்.

பிள்ளை பெறாத, பிள்ளை வளர்த்துப் பழகாத 17 வயதுச் சிறுமியின் கையில் நான்கு மாதக் குழந்தை. விதிப்படி போயிருந்தால் அவள் அந்த விமானத்திலேயே ஏறியிருக்க முடியாது. ஏற வைத்தது ஒரு பொய்த் தேதி. உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாதத்தைப் பலவீனமாக்கியதும் அதே பொய்த் தேதி.

பிறந்த தேதி எழுதும் தொழிலில் இருந்தவள் நான். எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆசிரியர்கள் காதைத் தொடச் சொல்லி, பள்ளியில் சேர்க்க ஏற்றபடி ஒரு தேதி போட்டுவிடுவார்கள். அது படிப்புக்காகச் செய்தது, யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால்தானோ என்னவோ, தேதி என்பது நம் மக்களுக்கு இளகிய விஷயமாகவே இருந்துவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், என்னிடம் படித்த ஒரு பெண் பள்ளிக்கு வந்தாள். இரண்டு குழந்தைகள். கணவர் படுத்த படுக்கை. “டீச்சர், குவைத்துல குழந்தை பார்க்குற வேலை. முப்பது முடிஞ்சிருக்கணுமாம். எனக்கு இருபத்தெட்டுதான். டி.சி.யில ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டுக் குடுத்தா மத்தத ஏஜென்ட் பார்த்துக்கிறேன்னு சொல்றாரு” என்றாள். நான் கோபப்படவில்லை. உட்கார வைத்து ரிசானாவின் கதையை முழுவதும் சொன்னேன். “அங்க ஏதாவது ஒண்ணுன்னா, நீ யாருன்னு சொல்றதுக்கு இந்தக் காகிதம்தாண்டி சாட்சி. அதையே பொய்யாக்கிட்டு எப்படிப் போவே?” என்று கேட்டேன். அழுதாள். போய்விட்டாள்.

இரண்டு வருடம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். 30 முடிந்த பிறகு, அரசு வழியாக, சொந்தத் தேதியில் போனாள். போகும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. வேலை சுகமானது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் எங்கே, யார் வீட்டில், எந்தச் சம்பளத்துக்கு இருக்கிறாள் என்பது இங்கே மூன்று பேருக்குத் தெரியும். கிங்ஸ் கிராஸில் நின்ற அந்த ஆயாவுக்கு அது இல்லை.

ஆகவே சகோதரிகளே, ஏஜென்ட் ‘விசா ரெடி’ என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது? சுற்றுலா விசா என்றால் பெட்டியைக் கட்டாதீர்கள்.

சம்பளம், வேலை நேரம், விடுமுறை எழுத்தில் இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டினார்களா?

முதலாளி சரியில்லை என்றால் மாற முடியுமா? எத்தனை நாளுக்குள்?

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்?

திரும்பி வரும் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு? அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

எல்லாக் காகிதத்தின் நகலும் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிறதா?

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடு உண்டு. சில நூறு ரூபாய்தான், விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் வீட்டார் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம்.

இருநூறு வருடத்துக்கு மேலாக நம் பெண்கள் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கக் கடல் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கலெக்டரானார்கள், கவர்னரானார்கள். வளர்த்தவளின் பெயர் பெரும்பாலும் கப்பல் பட்டியலில் கூட இல்லை. ‘இன்னாருடைய ஆயா’ என்றுதான் எழுதியிருக்கும். இனிப் போகிறவர்களாவது சொந்தப் பெயரில், சொந்த வயதில், திரும்பி வரும் வழியைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படிப் போய் வந்த பெண்கள் இருந்தால் அவர்கள் அனுபவத்தைக் கேட்டு எழுதுங்கள். போக இருக்கிறவர்களுக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள்.

நலமே விளைக.